எவர்சில்வர் அண்டா

எவர்சில்வர் பாத்திரங்கள்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. என்னிடமே இரண்டு டம்ளரும் ஒரு தட்டும் உண்டு. ரசத்துக்கும் மோருக்கும் அதைவிடத் தோதான உலோகம் கிடையாது. புளி அதை ஒன்றும் செய்யாது. துலக்கினால் முகம் பார்க்கலாம். அதில் ஊற்றி வைக்கக்கூடாத பொருள் என்று எனக்குத் தெரிந்து ஒன்றிரண்டுதான் இருக்கின்றன.

சார்ஜன் ஜெயபாலன், போலீசுக்கான என் வாக்குமூலத்தை முதலிலிருந்து என் கையெழுத்தில், தமிழிலேயே எழுதித் தரலாம் என்றீர்கள். பிறகு மலாயில் மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றும் சொன்னீர்கள். அவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். நகைச்சுவை வரும் இடங்களில் அவசரப்படவேண்டாம். பெரும்பாலோர் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

என் பெயர் பிச்சைமுத்து. சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். வயது நாற்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. வாளி செய்யும் கம்பெனியில் வேலை. போன திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு அந்தக் கம்பெனியில் மாயாண்டி இறந்தான். அதில் என் பங்கு என்ன என்பது உங்கள் கேள்வி. அவன் என் நண்பன். எனக்கிருந்த ஒரே நண்பன் என்று எழுதினால் மிகையாகத் தெரியும். ஆனால் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எண்ண அதிக நேரம் ஆகவில்லை.

அறுபத்து நாலில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனேன். பதினோரு வருஷம் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். விஞ்ஞானி இல்லை. விஞ்ஞானிகள் எழுதப்போகும் கட்டுரைக்கு எண்களைத் தயார் செய்து கொடுப்பவன். அணு உலைக்குள் உண்டாகும் சூட்டை வெளியே கொண்டுவர ஏதாவது ஒன்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். பெரும்பாலான உலைகளில் தண்ணீர் ஓடும். சிலவகை உலைகளில் உருகிய உலோகம் ஓடும். சோடியம், அல்லது ஈயம். தண்ணீரைவிடச் சுறுசுறுப்பாகச் சூட்டைச் சுமக்கும், லேசில் கொதிக்காது. கோளாறு ஒன்றுதான். அது ஓடும் குழாய் எஃகு. நாள் கொடுத்தால், உருகிய உலோகத்துக்கு எஃகும் ஒரு சீனிக்கட்டிதான்.

கரைவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எவர்சில்வர் என்று நாம் சொல்லும் எஃகில் இரும்போடு குரோமியமும் நிக்கலும் கலந்திருக்கும். நிக்கல்தான் முதலில் கிளம்பும். சூடான இடத்தில் குழாய்ச் சுவரை விட்டு வெளியேறி, ஓட்டத்தோடு போய், குளிர்ந்த இடம் வந்ததும் அங்கே படிந்துவிடும். சூடான பக்கம் இளைக்கும். குளிர்ந்த பக்கம் அடைத்துக்கொள்ளும். நிக்கல் போன இடம் கரையான் அரித்த பலகை மாதிரி உள்ளே பொத்தலாகிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதோடு, எஃகு ஏதாவது பாரத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தால், சில உருகிய உலோகங்கள் அதன் நுண்ணிய படிக மணிகளுக்கு நடுவே புகுந்துகொள்ளும். சாதாரண எஃகு உடைவதற்கு முன் கொஞ்சம் நீளும், கொஞ்சம் வீங்கும், பார்ப்பவனுக்கு ஒரு சாடை காட்டும். இது எதுவும் காட்டாது. நன்றாக இருக்கும், பிறகு பிளந்திருக்கும்.

இதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. அதே எஃகில் தபால்தலை அளவுக்குத் துண்டுகள் வெட்டி, எடை பார்த்து, உருகிய உலோகத்தில் தொங்கவிட்டு, ஆயிரம் மணி நேரம் கழித்து எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி எடை பார்ப்பது. கூப்பன் என்போம். பதினோரு வருஷம் நான் கூப்பன்களுக்கு எடை போட்டேன். ஒரு துண்டு எவ்வளவு இளைத்திருக்கிறது என்பதை, தராசில் வைக்குமுன்பே விரலால் தடவிச் சொல்லிவிடுவேன்.

எழுபத்தைந்தில் திரும்பி வந்தேன். உருகிய உலோகம் ஓடும் அணு உலை இந்த நாட்டில் ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனால் இல்லை என்று தெரிந்திருப்பது வேறு, அதை ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கிக் கேட்டுக்கொள்வது வேறு. ஓர் அதிகாரி என் சான்றிதழை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சோடியம்னா உப்புதானே?" என்றார். பாதி சரி என்றேன். அந்த வேலை கிடைக்கவில்லை.

வேலை கொடுத்தவர் லூயிஸ். ஒரே தோட்டம், ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. ஈப்போ நகரத்துக்கும் பத்து காஜா என்ற ஊருக்கும் இடையில் ஒரு பழைய சுரங்கக் குட்டையின் ஓரமாக இருக்கும் அந்தக் கம்பெனிக்கு அவர் மேனேஜர். இரும்புத் தகட்டை வளைத்து வாளியாக்கி, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பார்கள், துரு பிடிக்காமலிருக்க. சுற்றுவட்டாரத்துக் கித்தாத் தோட்டங்களில் ரப்பர்ப் பால் சுமக்கும் வாளிகளில் பாதி அங்கிருந்து போனவை. துத்தநாகம் உருகி நிற்கும் பெரிய தொட்டியைத் தொழிலாளிகள் அண்டா என்பார்கள். உள்ளே இருப்பதைப் பால் என்பார்கள். எல்லாரும் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது ஊருக்கு வந்தவர்கள். வெள்ளையாக, திரவமாக எதைப் பார்த்தாலும் அவர்களுக்கு அது பால்தான். மேலே படியும் சாம்பலை நீளக் கரண்டியால் ஒதுக்குவதை ஏடு எடுப்பது என்பார்கள். ஏடு எடுப்பதில் மாயாண்டியை மிஞ்ச ஆள் கிடையாது.

எனக்குத் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி என்று பதவி. வாளியில் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பேன். ஒழுகினால், ஒழுகுகிறது என்று எழுதுவேன்.

லூயிஸைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்வீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். அவர் வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு உலோகப் பட்டறைக்குள் நடப்பவர். மூன்று பேர் ஒன்றாக நின்றால் அதைக் கூட்டம் என்று கருதித் தொண்டையைச் செருமுவார். என்னை வெளியாருக்கு அறிமுகப்படுத்தும்போது "நம்ம அணுவிஞ்ஞானி" என்பார். வந்தவர் என்னை மரியாதையாகப் பார்ப்பார். நான் கையிலிருக்கும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவேன்.

இப்படிப்பட்டவர்களுக்காகவே நான் ஒரு வார இதழில் 'கோணி ஊசி' என்ற பெயரில் எழுதிவந்தேன். கோயில் தலைவர்கள், சங்கச் செயலாளர்கள், மாலைக்குக் கழுத்தை நீட்டியபடியே நடக்கப் பழகிவிட்டவர்கள். காற்று நிறைந்த இடம் எங்கே இருந்தாலும் ஊசி தேடிப் போகும். ஏழு வருஷமாக எழுதினேன். யார் எழுதுவது என்று ஈப்போவில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் ஆசிரியர். இன்னொருவன் மாயாண்டி.

மாயாண்டிக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். வேலை முடிந்து சாயங்காலம் சைக்கிளில் என் அறைக்கு வருவான். நான் அடுப்பில் பாலில்லாத தேநீர், தே ஓ, போடுவேன். அந்த வாரக் கட்டுரையை வாசித்துக் காட்டுவேன். சிரிப்பதற்கு முன்னால் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்காருவான், புரையேறும் என்று.

"இந்த வாரம் யாருக்குண்ணே ஊசி?"

"உங்க மேனேஜருக்கு."

"ஐயோ பாவம் லா. போன வாரமும் அவருக்குத்தானே குத்துனீங்க. புண்ணு ஆறட்டுமே."

ஒருநாள் நிக்கல் கதையை அவனிடம் சொன்னேன். சூடான இடத்தில் கரைந்து குளிர்ந்த இடத்தில் ஒட்டிக்கொள்வதை. அவன் கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப நம்ம ஆளுங்க மாதிரின்னு சொல்லுங்க. தோட்டத்துல சூடு தாங்கல, ஈப்போ பிளாட்டுல வந்து ஒட்டிக்கிட்டோம்."

"அது வேற, மாயாண்டி."

"என்னா வேற? நீங்கதான் வேற. நீங்க குளுந்த ஊர்ல கரைஞ்சி, சூடான ஊர்ல வந்து ஒட்டப் பாக்குறீங்க. உங்களுக்கு எல்லாமே தலகீழு லா அண்ணே."

திரும்பி வந்த எட்டு வருஷத்தில் என்னைப் பற்றி யாரும் சொன்ன ஒரே சரியான வாக்கியம் அது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டில் சாப்பாடு. அவன் மனைவி செல்லாயி மீன் குழம்பு வைப்பாள். மகள் வீரம்மா உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கிறாள், இங்கிலாந்தில் பனி எப்படி இருக்கும் என்று கேட்பாள். நான் சொல்வேன். அடுத்த வாரமும் கேட்பாள்.

இந்த வருஷம் பிப்ரவரியில் பழைய அண்டாவின் ஆயுள் முடிந்தது. அது சாதாரண எஃகுத் தகட்டில் செய்தது, கறுப்பாக, அவலட்சணமாக இருக்கும். ஒன்பது வருஷம் உழைத்தது. துத்தநாகத்துக்கு அந்த அவலட்சணம்தான் வேண்டும். லூயிஸ் சிங்கப்பூரில் ஒரு கண்காட்சிக்குப் போய்வந்து, புதிய அண்டா எவர்சில்வரில்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். அதிக நிக்கல், அதிகப் பளபளப்பு. தொழிலாளிகளைக் கூட்டி வைத்துப் பேசினார். "நம்ம ஊட்டு அடுக்களைக்கு எவர்சில்வர் வந்துருச்சி. நம்ம தொழிற்சாலைக்கு எப்ப வரப்போவுது?" எல்லாரும் கைதட்டினார்கள். மாயாண்டியும் தட்டினான். அவன் வீட்டிலும் குடம் எவர்சில்வர்தான், செல்லாயி சீட்டுப் போட்டு வாங்கியது.

நான் செய்யவேண்டியதைச் செய்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கம் எழுதி லூயிஸிடம் கொடுத்தேன். எஃகில் நிக்கல் ஏற ஏறத் துத்தநாகம் அதை எப்படித் தின்னும் என்று, வரைபடத்தோடு. அவர் அதை மேசையில் வைத்தார். கோப்பி வந்தது. கிளாஸை அதன்மேல் வைத்தார். "பிச்சை, நீ பாத்ததெல்லாம் அணுகுண்டு. இது வாளி," என்றார். அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், சிரித்தார்கள். நல்ல வாக்கியம்தான். நான் எழுதியிருந்தால் 'இது வெறும் வாளி' என்று எழுதியிருப்பேன். ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

ஏப்ரலில் அண்டா வந்து இறங்கியது. கட்டைவிரல் தடிமன் சுவர். வெட்டிப்போட்ட மிச்சத் தகட்டை நான் எடுத்துக்கொண்டேன். பழைய நகைக்கடைத் தராசு ஒன்று வாங்கினேன். தபால்தலை அளவில் பன்னிரண்டு துண்டு வெட்டி, எடை குறித்து, கம்பியில் கட்டி அண்டாவின் ஓரத்தில் இறக்கினேன். மாயாண்டி கரண்டியோடு நின்று பார்த்தான்.

"என்னாண்ணே, தூண்டில் போடுறீங்க. பாலுக்குள்ள மீனா இருக்கு?"

"ஒரு சோதனை."

"கடிச்சா சொல்லுங்க. செல்லாயிகிட்டக் குடுத்துக் கொழம்பு வைக்கலாம்."

பதினைந்து நாளைக்கு ஒரு துண்டு எடுத்தேன். எண்களை ஒரு 555 மார்க் சிறு கணக்கு நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறது. முதல் துண்டை எடுத்துத் தடவியபோதே தெரிந்தது, விரல் இன்னும் மறக்கவில்லை என்று. அந்த ஆறு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. எட்டு வருஷத்தில் முதல்முறையாக எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று, எனக்குத் தெரிந்த விதத்திலேயே, என் கண்ணெதிரில் நடந்துகொண்டிருந்தது. அதில் குறுக்கிட்டால் சோதனை கெட்டுவிடும்.

ஜூன் மாதம் மாயாண்டியை மண்டோர், அதாவது மேஸ்திரி, ஆக்கினார் லூயிஸ். மஞ்சள் தொப்பி ஒன்றும் கொடுத்தார். மாயாண்டி அதை வீட்டுக்குப் போகும்போதும் கழற்றவில்லை. சைக்கிளில், தொப்பியோடு, சந்தையில் எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டு போவான். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். நான் எழுதினேன். அன்று சாயங்காலம் அவனுக்கே வாசித்துக் காட்டினேன். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்துதான் உட்கார்ந்திருந்தான். சிரிக்கவில்லை.

"நல்லாருக்குண்ணே. ஆனா வீரம்மா பேப்பரு படிக்கிறா. அப்பன் தொப்பிய இப்பிடி எழுதியிருந்தா அவளுக்கு எப்பிடி இருக்கும்?"

"பேரு போடலையே."

"ஈப்போவுல மஞ்ச தொப்பியோட எத்தன பேரு சைக்கிள்ல போறான்? இது வேணாண்ணே. என்னைய விட்டுருங்க."

கட்டுரையை அதற்குள் தபாலில் போட்டுவிட்டிருந்தேன். ஆசிரியருக்குப் போன் செய்து நிறுத்தியிருக்கலாம். செய்யவில்லை. தொப்பி முதலில் வீட்டுக்குள் நுழைந்தது, மாயாண்டி பின்னால் வந்தான் என்று ஒரு வரி இருந்தது. அப்படி ஒரு வரி ஒருவனுக்குத் தினமும் கிடைக்காது.

அது அச்சான வாரம் மாயாண்டி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மண்டோருக்கு வேலை அதிகம் என்றான், எதிரில் பார்த்தபோது. தேயிலை டப்பாவைத் திறந்தபோது, ஒருவனுக்கு மட்டும் போட்டால் தேயிலை எத்தனை நாள் வருகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. கட்டுரைகளை உரக்க வாசித்துப் பார்த்தேன். கீழே சைக்கிள் கடைக்காரர் யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டார். நிறுத்திவிட்டேன். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

செப்டம்பர் கடைசியில் என் கணக்குப்படி அண்டாவின் சுவர் சுண்டுவிரலில் பாதி. அடியில், தகடுகளை இணைத்து நெருப்பு நேராகப் படும் பற்றவைப்பில், அதைவிடக் குறைவு.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் அண்டாவின் நெருப்பை அணைப்பதே கிடையாது. பால் உறையக்கூடாது. அதனால் பூஜையன்று காற்றாடிக்கும் புகைபோக்கிக்கும் சந்தனம் வைத்துவிட்டுப் பொரி கடலை தின்போம். இந்த வருஷம் அண்டா அழகாக இருந்தது. செல்லாயியும் மற்றத் தொழிலாளிகள் வீட்டுப் பெண்களும் அண்டாவுக்கே பொட்டு வைக்கவேண்டும் என்றார்கள். மாயாண்டி மண்டோர் என்ற முறையில் அதைக் கொண்டுபோய் மேனேஜரிடம் வைத்தான். லூயிஸுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. புதன்கிழமை அணைப்பது, சனிக்கிழமை பூஜை, திங்கட்கிழமை ஒரு பட்டம் பெற்ற பெரிய மனிதரை அழைத்து அவர் முன்னால் மறுபடி பால் காய்ச்சுவது. புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவதுபோல் என்று பேச்சுகூடத் தயார் செய்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"பிச்சை, கதவச் சாத்து."

சாத்தினேன்.

"நெருப்ப அணைச்சி, பாலு உள்ளயே எறுகி, திங்கக்கெழம மறுபடி மூட்டுனா அண்டாவுக்கு ஒண்ணும் ஆவாதே? நீ நாலு பக்கம் எழுதிக் குடுத்தே. நான் அப்ப படிக்கல. இப்ப தேடுனேன், கெடைக்கல. அதான் கேக்குறேன். இங்க படிச்சவன் நீ ஒருத்தன்தான்."

அவர் குரல் தாழ்ந்திருந்தது. தொண்டையைச் செருமவில்லை. நாற்பது வருஷப் பழக்கத்தில் அவர் என்னிடம் ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

நான் சொல்லவேண்டியது இரண்டு வாக்கியம். உறைவதற்குமுன் பாலை அள்ளி வெளியே ஊற்றிவிடு. உறைந்துவிட்டால் அடியிலிருந்து மூட்டாதே, ஏனென்றால் அடியில் உருகுவது பருக்கும், மேலே பாறை மூடியிருக்கும், அதற்குப் போக வேறு வழி இருக்காது. நல்ல அண்டாவுக்கே அது ஆகாது. இந்த அண்டாவைப் பற்றி மூன்றாவதாக ஒரு வாக்கியமும் இருந்தது. எல்லாம் என்னிடம் தயாராக இருந்தன.

"தாராளமா அணைக்கலாம்," என்றேன்.

"கோப்பி குடிக்கிறியா?"

குடித்தேன். எனக்கு வந்த கோப்பிக்கு அடியில் காகிதம் எதுவும் இல்லை.

என் எண்ணம் என்ன என்று நீங்கள் பலமுறை கேட்டீர்கள். திங்கட்கிழமை பெரிய மனிதர் வந்து நிற்பார். லூயிஸ் பேசுவார். எவர்சில்வர் யுகம் என்று சொல்லும் இடத்தில் அண்டா அடியில் கசியும். வெள்ளிக் கோடுபோல் பால் தரையில் ஊர்ந்து வந்து அந்த வெள்ளைச் சப்பாத்தின் நுனியில் நிற்கும். அவ்வளவுதான். ஒரு மனிதரிடமிருந்து கொஞ்சம் காற்றை இறக்குவது. வியாழக்கிழமை அதை எழுதினேன். என் ஏழு வருஷ எழுத்தில் அதுதான் நன்றாக வந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் ஈப்போ தபாலாபீசில் போட்டேன். புதன்கிழமை இதழில் வரவேண்டுமென்றால் திங்கட்கிழமைக்குள் ஆசிரியர் கையில் இருக்கவேண்டும். ஆசிரியர் கொடுத்த உறைமேல் இருந்த வெள்ளிக்கிழமை முத்திரையைப் பார்த்துத்தான் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். திங்கட்கிழமை நடக்கப்போவதை வெள்ளிக்கிழமையே எழுதியவன் யார் என்று. பத்திரிகைக்காரன் கடைசி நேரத்தை மதிக்கவேண்டும். அந்தப் பழக்கம் என்னைக் காட்டிக்கொடுத்தது.

சனிக்கிழமை பூஜை நன்றாக நடந்தது. லூயிஸ் சிலுவைச் சங்கிலிக்கு மேலே நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டார். செல்லாயி அண்டாவின் வயிற்றில் சந்தனம் தடவி, உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம் வைத்தாள். உலோகம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, சந்தனம் சீக்கிரம் காய்ந்தது. மாயாண்டி ஒரு தட்டில் பொரி கடலையோடு என்னிடம் வந்தான். தொப்பி தலையில் இல்லை, கக்கத்தில் இருந்தது.

"கோவமாண்ணே?"

"எனக்கென்ன கோவம்."

"எனக்குத்தான் இருந்திச்சி. போயிருச்சி. நாளைக்குச் சாப்பிட வாங்க. செல்லாயி நண்டு வாங்கப் போறா. வீரம்மா நாலு மாசமா கேக்குறா, மாமா எங்கன்னு."

போனேன். நண்டு நன்றாக இருந்தது. வீரம்மா இரண்டாம் தடவையும் குழம்பு ஊற்றினாள். இங்கிலாந்தில் பனி எப்படி இருக்கும் என்று கேட்டாள், சொன்னேன். சாப்பிட்ட பிறகு மாயாண்டி, "எதாச்சும் படிங்கண்ணே, கேட்டு நாளாச்சி," என்றான். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை என்றேன். உண்மையில் மனப்பாடமாக இருந்தது.

அங்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். நாளைக்கு மூட்டாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பான். அண்டா கசியாது. பெரிய மனிதர் வந்து டீ குடித்துவிட்டுப் போவார். கட்டுரை தபாலில் போய்விட்டிருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, அண்டாவுக்கு அடியில் பர்னர்கள் இருக்கும் குழிக்குள் இறங்குவதற்கு முன் மாயாண்டி என்னைத் தேடி வந்தான்.

"அடியில பர்னரு எல்லாத்தையும் முழுசா தொறக்கச் சொல்றாரு. பெரிய மனுசன் பதினோரு மணிக்கு வாராராம். தொறக்கலாமாண்ணே?"

"நீதானே மண்டோரு," என்றேன்.

அவன் சிரித்தான். அந்தப் பழைய சிரிப்பு. "குத்துறீங்க பாத்தீங்களா," என்று சொல்லிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு கீழே போனான்.

பத்தேகாலுக்கு அடிப் பற்றவைப்பு பிளந்தது. கசியவில்லை. அதை நான் தவறாகக் கணித்துவிட்டேன். நீளாமல், வீங்காமல், சாடை காட்டாமல் பிளக்கும் என்பதை மற்றவர்களுக்குச் சொல்லும் நானே அதை மறந்திருந்தேன் என்பது ஆச்சரியம்தான். பெரிய மனிதர் வந்து சேரவில்லை. மாயாண்டி பர்னரைத் தணிக்கக் குழிக்குள் இறங்கி இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. அவனுக்கு என்ன ஆயிற்று என்பது டாக்டர் அறிக்கையில் இருக்கிறது. நான் பார்க்கவில்லை. நான் வாசலில் லூயிஸுக்கு நேர் எதிரே நின்று, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் தவறவிடக்கூடாது என்று காலையிலிருந்தே அந்த இடத்தில் நின்றேன். லூயிஸ்தான் குழியை நோக்கி ஓடினார். இரண்டு பேர் அவரைப் பிடித்து இழுத்தார்கள். வெள்ளைச் சப்பாத்து பற்றிக்கொண்டது. கட்டுரையில் அப்படி இல்லை.

மாயாண்டிக்குத் தீங்கு வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதற்குச் சாட்சியாகக் கட்டுரையையே காட்டினேன். நான்காம் பத்தியில் மஞ்சள் தொப்பி மண்டோர் பாலுக்கு முன்னால் ஓடி, வாசல் தாண்டி, தொப்பியைப் பிடித்துக்கொண்டு பத்து காஜா வரைக்கும் நிற்காமல் போகிறான். எனக்குக் கெட்ட எண்ணம் இருந்திருந்தால் அவனை ஓடவிட்டிருப்பேனா என்று கேட்டேன். நீங்கள் என் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்த கைப்பிரதியை முன்னால் வைத்தீர்கள்.

அது முதல் படி. அதில் மண்டோர் ஓடவில்லை. குழியில் இருக்கிறான். எழுதி, பிறகு குறுக்கே இரண்டு கோடு போட்டு அடித்திருக்கிறேன். கையெழுத்து என்னுடையது, மை என்னுடையது, வியாழக்கிழமை எழுதியது. ஆகவே, குழியில் யார் இருப்பான் என்பது எனக்கு வியாழக்கிழமையே தெரியும். அதற்கு முன்பும் தெரியும். அடுப்பை மூட்டுவது மண்டோர் வேலை. மண்டோர் ஒருவன்தான்.

ஏன் அடித்தேன் என்று கேட்டீர்கள். இரக்கம் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் உண்மை சொல்வதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த இடத்தில் வாசகர் சிரிக்கமாட்டார். அதனால் அடித்தேன்.

இதழில் அதைப் போடப்போவதில்லை என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். இறந்தவனுக்கு மரியாதை என்றாராம். அவர் எப்போதும் கொஞ்சம் பயந்தவர். பிரதி இப்போது உங்கள் மேசையில்தான் இருக்கிறது. நேற்று நீங்கள் அதைப் படித்தபோது உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், சார்ஜன். மூன்றாம் பத்தியில், சப்பாத்து வருமிடத்தில்கூட நீங்கள் சிரிக்கவில்லை. மாயாண்டி இருந்திருந்தால் அங்கே சிரித்திருப்பான்.